பழைய காருக்குப் புதிய எஞ்சின் வேண்டுமா?

முல்லைத்தீவு நகரிலிருந்து கொக்கிளாய் நோக்கித் தெற்கே செல்லும் கடற்கரை வீதியில் அமைந்திருப்பது நாயாறு. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இடையே பாலமும் மணற்பரப்பும். இக்கரையின் முதன்மைத் தொழில் மீன்பிடி. வடகடலோரத்தில் ஓடும் சிறு படகுகளின் பின்புறத்தில் பூட்டப்படும் எஞ்சின்களை இயக்குவதில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் சிறிதளவு பெற்றோலைக் கொண்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது நன்கு சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். கரை திரும்பும்போது, எஞ்சினை நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிக்கொள்வாரும் உளர். மறுநாள் அதிகாலையில் எஞ்சின் தயங்காது எழவேண்டுமல்லவா?

கடலில் இன்றும் நிலவும் இவ்வழக்கம் ஒரு காலத்தில் வன்னியின் தரைவீதிகளிலும் நிலவியது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், வடக்கே பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டது. அன்று தொடங்கி 2002ஆம் ஆண்டின் தொடக்கம்வரை, வன்னிப் பெருநிலத்தில் பெற்றோல் என்பது மருந்தைப்போல் துளிகளால் அளந்து பயன்படுத்தப்பட்ட பொருளாயிற்று. அக்காலத்தில் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலான பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயைக் குடித்து ஓடின. நோயாளரும் பிள்ளைப்பேற்றுக்குரிய தாய்மாரும் மருத்துவமனை சென்றது பெரும்பாலும் அத்தகைய வாகனங்களிலேயே. புதிய கார்கள் செயலற்றுக் கிடந்த இடத்தில் நாற்பது ஆண்டு வயதான கார்கள் ஊருக்கு உழைத்தன.

அவற்றுட் சில இன்னும் எஞ்சியுள்ளன. வீட்டு முற்றத்து மாமரத்தின் கீழும், ஓலைக் கொட்டிலிலும், கராஜ் ஒன்றின் மூலையிலும் அவை நிற்கின்றன. அவற்றை வைத்திருப்போர் முன் இன்று ஒரு வினா எழுந்துள்ளது. பழைய எஞ்சினைச் செப்பனிட்டுக் காப்பதா? அன்றி அதைக் கழற்றிவிட்டு யப்பானிய எஞ்சின் ஒன்றைப் பொருத்துவதா? ஒரு சாரார், பழைமையை மாற்றுவது பாவம் என்பர். மற்றொரு சாரார், ஓடாத பழைமையால் பயன் யாது என்பர். இவ்விரு கூற்றும் உணர்ச்சியின்பாற்பட்டவை. ஓர் எஞ்சின் எதற்காக எவ்வாறு அமைக்கப்பட்டது, அது எவற்றோடு இணைந்து வேலை செய்கிறது என்பவற்றை அறிந்தபின்னரே விடை காணல் தகும்.

முதலில் இவ்வெஞ்சின்கள் பிறந்த காலத்தை நோக்குதல் வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா வென்ற நாடாயினும் வறிய நாடாக இருந்தது. கடனைத் தீர்க்க அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. ஆகவே, தம் உற்பத்தியிற் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே உருக்கு வழங்குவது என அரசாங்கம் வகுத்தது. 1947ஆம் ஆண்டில் ஒஸ்ரின் நிறுவனம் வெளியிட்ட ஏ40 டெவன் கார் அவ்வாறு கப்பலேறிய கார்களுள் ஒன்று. அடுத்த ஆண்டில், அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த மொறிஸ் மைனர் வந்தது. 1952இல் டெவனின் இடத்தை ஏ40 சொமர்செற் பெற்றது. இலங்கைத் துறைமுகத்தில் இவை யாவும் வந்திறங்கின.

அக்காலப் பிரித்தானியாவில் பெற்றோலும் பங்கீட்டுப் பொருளே. 1939இல் தொடங்கிய பங்கீடு 1950இலேதான் நீங்கியது. அதன் பின்னரும் 1953வரை, எல்லா நிறுவனங்களின் பெற்றோலும் ஒன்றாய்க் கலக்கப்பட்டு ஒரே தரத்தில் விற்கப்பட்டது. அதன் ஒக்டேன் அளவு ஏறத்தாழ 70. இன்று இலங்கையில் விற்கப்படும் பெற்றோலின் ஒக்டேன் அளவு 92, 95 என்பதோடு இதனை ஒப்பிட்டால், அன்றைய பெற்றோல் எத்துணைத் தாழ்ந்த தரத்தது என்பது விளங்கும்.

ஒக்டேன் என்பது யாது? சிலிண்டருக்குள் புகும் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்ரன் மேலெழுந்து நெருக்குகிறது. நெருக்கும்போது வெப்பம் உண்டாகிறது. தீப்பொறி பாயும் தக்க தருணம் வரும்வரை அக்கலவை பொறுத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே, அல்லது தீ ஒழுங்காகப் பரவுமுன்பே, கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்துவிட்டால் எஞ்சினுள் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். அத்தட்டல் தொடர்ந்தால் பிஸ்ரனும் தாங்கிகளும் கெடும். அவ்வாறு தானாக வெடியாமல் பொறுத்திருக்கும் ஆற்றலையே ஒக்டேன் எண் குறிக்கிறது. எண் குறைவாயின் கலவையை அதிகம் நெருக்கலாகாது.

எனவே ஏ40 டெவனின் எஞ்சினை வடிவமைத்தோர், கலவையை ஏழேகால் மடங்குக்கு மேல் நெருக்கவில்லை. முதல் மொறிஸ் மைனரின் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் நெருக்க விகிதம் ஏழுக்கும் குறைவு. இக்காலப் பெற்றோல் எஞ்சின்களிலோ அது 10ஐயும் தாண்டுவதுண்டு. தரம் குன்றிய எரிபொருளைச் செரிக்கவல்ல வயிறாக அப்பழைய எஞ்சின்கள் படைக்கப்பட்டன என்று கூறலாம். பிரித்தானியாவின் தட்டுப்பாட்டுக் காலத்துக்கென அமைந்த அக்குணமே நாற்பது ஆண்டுகளின் பின்னர் வன்னியின் தட்டுப்பாட்டுக்கு உதவியது. இதனை அவ்வெஞ்சினை அமைத்தவர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு மிகமிகத் தாழ்ந்தது. அதுமட்டுமன்று, பெற்றோலின் பெரும்பகுதி சிறு வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்குகிறது. குளிர்ந்த எஞ்சினுள் அது ஆவியாகாமல் துளிகளாகவே நிற்கும். துளியில் தீ பற்றாது. இதனாலேயே காபுரேற்றரின் வாயில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயைப் பாயவிடும் முறை பிறந்தது. தீப்பொறி பாயும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளி வைப்பதால் தட்டல் குறைந்தது; ஆனால் அதற்கேற்ப வலுவும் குறைந்தது. மேட்டில் ஏறும்போது கார் முனகியது. புகை எழுந்தது. எனினும் கார் ஓடியது.

இம்முறை வன்னிக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானிய வயல்களில் உழுத பெர்குசன் உழவு இயந்திரங்களுள் ஒரு வகை 1949 முதல் இவ்வாறே ஓடியது. மண்ணெண்ணெயையொத்த மலிவான எரிபொருளை அது கொண்டது. அவ்வுழவு இயந்திரத்தில் நெருக்க விகிதம் மிகவும் தாழ்த்தப்பட்டிருந்தது. உட்செல்லும் எரிபொருளைப் புகைபோக்கியின் வெப்பத்தால் சூடாக்கும் அமைப்பும் இருந்தது. தொழிற்சாலை செய்து கொடுத்த அவ்வசதிகள் எவையும் இல்லாமல், கராஜ்களிற் கிடைத்த பொருள்களைக் கொண்டே வடபகுதி மெக்கானிக்குகள் அதே பயனை எய்தினர் என்பதுதான் சிறப்பு.

ஆயினும் இதற்கு எஞ்சின் ஒரு விலை கொடுத்தது. எரியாமல் எஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர்வழியே கீழிறங்கி, அங்கே படிந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. அதனால் பிஸ்ரன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவரும் விரைவில் தேய்கின்றன. மேலும், அது அடித்தொட்டியிலுள்ள எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்கிறது. நீர்த்த எண்ணெய் தாங்கிகளைக் காவாது. பிளக்குகளிலும் வால்வுகளிலும் கரி படிகிறது. ஆகவே பன்னிரண்டு ஆண்டுகள் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின், வெளித்தோற்றத்தில் எவ்வளவு நன்றாக இருப்பினும், உள்ளே தேய்ந்திருக்கும் என்றே கொள்ளுதல் வேண்டும்.

இன்னுமொரு கேடு மறைவாய் நிகழ்ந்தது. அக்காலப் பெற்றோலில் ஈயச் சேர்மம் கலக்கப்பட்டிருந்தது. அது எரிந்தபின் வால்வு அமரும் இருக்கையின்மேல் மெல்லிய படலமாய்ப் படிந்து, இரும்பை இரும்பு தேய்க்காமற் காத்தது. அதனை நம்பியே பழைய பிரித்தானிய எஞ்சின்கள் பலவற்றில், சிலிண்டர் தலையின் வார்ப்பிரும்பிலேயே வால்வு இருக்கைகள் நேரடியாய்க் கடையப்பட்டன. மண்ணெண்ணெயில் அந்த ஈயம் இல்லை. பின்னர் 2002ஆம் ஆண்டு வன்னிக்குப் பெற்றோல் தங்குதடையின்றி வரலாயிற்று. ஆனால் அதே ஆண்டு யூன் மாதத்தில் இலங்கை முழுவதிலும் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. காற்றையும் குழந்தைகளின் மூளையையும் காக்க எடுக்கப்பட்ட நன்முடிவு அது. ஆயினும் வன்னியின் பழைய கார் ஒன்று, இழந்த பாதுகாப்பைத் திரும்பப் பெறவேயில்லை. மெல்லெனச் செல்லும் காரில் இத்தேய்வு மெதுவாகவே நிகழும். நெடுந்தூரம் விரைந்து ஓட்டினால் வால்வு தன் இருக்கையுள் அமிழ்ந்து, சரியாக மூடாமற் போய்விடும்.

இனி, எஞ்சினை எவ்வாறு பரீட்சிப்பது? பல ஆண்டுகள் ஓடாது கிடந்த காரின் எஞ்சினை உடனே இயக்க முயல்வது தவறு. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது மெல்லெண்ணெய் விட்டுச் சில நாட்கள் ஊறவிடல் வேண்டும். அதன்பின், முன்புறத்திற் செருகிச் சுழற்றும் கைப்பிடியால் மெதுவாகத் திருப்பிப் பார்க்கலாம். இந்தக் கைப்பிடி பழைய கார்களின் பெருஞ்செல்வம். பற்றரி கிடைத்தற்கரிதாயிருந்த காலத்தில், நலிந்த பற்றரியில் எஞ்சிய மின்னைத் தீப்பொறிக்கு மட்டும் விட்டுவிட்டு, எஞ்சினைக் கையாலேயே எழுப்ப அது உதவியது. சுழற்றும்போது நான்கு சிலிண்டர்களிலும் ஒரே அளவான எதிர்ப்புத் தோன்றினால் நல்ல அறிகுறி. கைப்பிடி அசையவே மறுத்தால் வலிந்து திருப்பலாகாது. எஞ்சினைத் திறந்து பார்ப்பதே வழி.

ஓடக்கூடிய எஞ்சினாயின் புகையே நோய் கூறும். நீலப் புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, சிலிண்டருக்குள் நீர் புகுவதைக் காட்டும். கரும்புகை, எரிபொருள் மிகுதியாய்ப் பாய்வதைக் காட்டும். காபுரேற்றரைச் சீர்செய்தாலே அது நீங்கிவிடும். எண்ணெயின் அமுக்கத்தையும், ஒவ்வொரு சிலிண்டரின் நெருக்கத்தையும் அளந்து பார்த்தால் எஞ்சியவை தெளிவாகும். இப்பரீட்சை எதுவும் செய்யாமலே ‘எஞ்சின் போய்விட்டது’ என்று தீர்ப்புக் கூறி நல்ல எஞ்சினைப் பழைய இரும்புக்கு விற்றவர் பலர்.

தேய்ந்த எஞ்சினும் பெரும்பாலும் மீளக்கூடியதே. அந்நாளைய எஞ்சின்கள் மீண்டும் மீண்டும் செப்பனிடப்படுவதற்கென்றே அமைக்கப்பட்டவை. தேய்ந்த சிலிண்டரை அங்குலத்தின் ஆயிரத்தில் 20 அல்லது 40 பங்கு பெருக்கிக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்ரன்களைப் போடலாம். அந்த எல்லையும் கடந்துவிட்டால், உள்ளே புதிய உருளைக் குழல்களை இறுக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். சிலிண்டர் தலையைக் கழற்றும்போதே, வால்வு இருக்கைகளில் கடின உலோக வளையங்களைப் பதித்துவிட்டால் ஈயமற்ற பெற்றோல் பற்றிய கவலை என்றென்றைக்கும் நீங்கும். வெடிப்பற்ற வார்ப்பிரும்பு உடலும், கடையும் எல்லைக்குள் உள்ள சுழல்தண்டும் இருந்தால் எஞ்சின் இறக்கவில்லை என்றே கொள்க.

மாற்றவேண்டும் என்போரின் வாதத்தையும் புறக்கணித்தல் நேர்மையாகாது. ஏ40 காரின் எஞ்சின் வலு ஏறத்தாழ 40 குதிரைவலு மட்டுமே. அதன் உச்ச வேகம் மணிக்கு 70 மைலை எட்டுவதே அரிது. உதிரிப்பாகங்கள் எளிதிற் கிடைப்பதில்லை. மைனரின் பாகங்கள் பிரித்தானியாவில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. இலங்கையிலேயே அத்தகைய பாகங்களைச் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பும் முயற்சியும் 1990களில் நடந்தது. ஆனால் ஏ40 டெவனுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. மாறாக, யப்பானிய எஞ்சின் ஒன்றை, அதன் ஐந்து கியர்ப் பெட்டியோடும் வாங்கிப் பொருத்தினால், சத்தமின்றியும் குறைந்த எரிபொருளிலும் கார் ஓடும். தென்னிலங்கையில் மொறிஸ் மைனர்கள் பலவற்றில் நிசான், ரொயோட்டா எஞ்சின்கள் இவ்வாறு பொருத்தப்பட்டுள்ளன.

இதில் வரலாற்றின் விந்தை ஒன்றும் உண்டு. 1952ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானின் நிசான் நிறுவனம், பிரித்தானியாவின் ஒஸ்ரின் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன்படி யப்பானில் ஏ40 சொமர்செற் கார்களும், பின்னர் ஏ50 கேம்பிரிட்ஜ் கார்களும் கட்டப்பட்டன. தொடக்கத்தில் பாகங்கள் பிரித்தானியாவிலிருந்து வந்தன. சில ஆண்டுகளில் நிசான் அவற்றைத் தானே செய்யக் கற்றுக்கொண்டது. ஒஸ்ரினின் 1489 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் பிஸ்ரனின் ஓட்டத்தைக் குறுக்கி, 988 கன சென்ரிமீற்றர் எஞ்சின் ஒன்றை அது ஆக்கிக்கொண்டது. நிசானின் வளர்ச்சிக்கு அது ஒரு படிக்கல்லாய் அமைந்தது. ஆகவே ஒஸ்ரினின் எஞ்சினை அகற்றி நிசானின் எஞ்சினைப் பொருத்துவோர், ஆசானை எழுப்பிவிட்டு மாணவனை அதே ஆசனத்தில் அமர்த்துகின்றனர் எனலாம்.

ஆனால் ஆசனம் தாங்குமா என்பதே கேள்வி. எஞ்சின் என்பது தனித்த பொருள் அன்று. அதன் வலுவைக் கிளச் ஏற்கிறது. கியர்ப் பெட்டி கடத்துகிறது. பின்னச்சு சில்லுக்கு அளிக்கிறது. இறுதியில் பிறேக் அனைத்தையும் அடக்குகிறது. ஏ40 டெவனில் முன்சில்லுகளின் பிறேக் திரவ அமுக்கத்தால் இயங்க, பின்சில்லுகளின் பிறேக் தண்டுகளால் இழுக்கப்படும் கலப்பு முறையே இருந்தது. 40 குதிரைவலு எஞ்சினுக்கெனக் கணக்கிடப்பட்ட அந்த பிறேக், அதைப்போல் இருமடங்கு வலுவுடைய எஞ்சின் தரும் வேகத்தை அடக்க மாட்டாது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியும் ஏ9 வீதியும் போரின் பின்னர் செப்பனிடப்பட்டு வழுவழுப்பாக உள்ளன. குழியும் மணலும் நிறைந்த பழைய வீதி ஓட்டுநரின் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தியது. இன்றைய வீதி அவ்வாறு கட்டுப்படுத்துவதில்லை. வீதிக்குக் குறுக்கே மாடுகள் நடக்கும் பிரதேசத்தில், ஓடும் வலுவைக் கூட்டிவிட்டு நிற்கும் வலுவைக் கூட்டாமல் விடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

தொழிற்சாலைகள் இவ்வுண்மையை அறிந்திருந்தன. மொறிஸ் மைனரின் வரலாறே அதற்குச் சான்று. 1948இல் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினோடு பிறந்த அக்கார், 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 என எஞ்சின் மாறி வந்தது. வலு 27 குதிரைவலுவிலிருந்து 48 குதிரைவலுவாக உயர்ந்தது. ஆனால் எஞ்சின் மட்டுமா மாறிற்று? 1956இல் பின்னச்சின் பல்விகிதம் மாறியது. 1962இல் பல்விகிதம் மீண்டும் மாறியதோடு, முன்சில்லுகளின் பிறேக் உருளை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெருத்தது. இந்தியாவின் அம்பாசிடர் காரும் இதையே கூறும். மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வழியில் 1957இல் பிறந்த அக்கார், 1990களில் யப்பானின் இசுசு எஞ்சினைப் பெற்றபோது ஐந்து கியர்ப் பெட்டியையும் உடன் பெற்றது. 2014இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை அந்த எஞ்சின் அதனைத் தாங்கி நின்றது. எஞ்சினை மாற்றுவோர் காரையே மாற்றியமைக்கிறார்கள் என்பதே இவற்றிலிருந்து பெறப்படும் பாடம்.

மேலும், மைனரின் வரலாறு மூல எஞ்சின் என்னும் சொல்லையே சற்று நெகிழச் செய்கிறது. 1952ஆம் ஆண்டு மைனருக்கு 1098 எஞ்சினைப் பொருத்துபவர் அந்நிய உறுப்பொன்றை ஒட்டவில்லை; அதே குடும்பத்தின் இளையவனைக் கொண்டுவருகிறார். அக்குடும்பத்தின் எஞ்சின்கள் 1951இல் தொடங்கி 2000ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டன. வலு வேண்டுவோர்க்கு இதுவே இயல்பான வழி. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. 1098 எஞ்சினின் நெருக்க விகிதம் எட்டரை. முதல் எஞ்சினைப்போல் அது எதனையும் செரிக்காது. நல்ல பெற்றோலையே வேண்டி நிற்கும். வலுவும் பொறுமையும் ஒருங்கே அமைவது எஞ்சின்களிடத்தும் அரிது.

சட்டத்தின் நிலையையும் கவனித்தல் வேண்டும். இலங்கையில் வாகனப் பதிவேட்டில் எஞ்சினின் இலக்கமும் அடிச்சட்டத்தின் இலக்கமும் பொறிக்கப்படுகின்றன. எஞ்சினை மாற்றுவோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அம்மாற்றத்தைப் பதிவுசெய்தல் கடமை. பதிவுசெய்யாத மாற்றம், காரை விற்கும்போதும் காப்புறுதி கோரும்போதும் பெரும் இடர் விளைக்கும். இடம்பெயர்வுகளிடையே ஆவணங்களை இழந்த குடும்பங்கள் மிகுந்த மாவட்டங்களில் இதன் முக்கியத்துவம் இரட்டிப்பாகும். காரின் உரிமையை நிறுவ எஞ்சியிருக்கும் தடயம் சில வேளைகளில் அந்தப் பழைய எஞ்சினில் வெட்டப்பட்ட இலக்கமே. அதனை இரும்புக் கடைக்கு அனுப்புவது, காணி உறுதியைக் கிழித்தெறிவதற்கு ஒப்பாகும்.

ஆயின் செய்யத்தக்கது யாது? பழைய எஞ்சினைக் காத்துக்கொண்டே அதன் குறைகளைத் தீர்க்கும் நடுவழி ஒன்று உண்டு. கடின வால்வு இருக்கைகள் முதலாவது. றேடியேற்றரின் உட்குழாய்களைச் சுத்தஞ்செய்வது அல்லது புதுப்பிப்பது இரண்டாவது. வன்னியின் வெயிலில் பல எஞ்சின்கள் கெட்டது வயதினால் அன்று, வெப்பத்தினாலேயே. தேய்ந்து தேய்ந்து பொறி நேரத்தைக் குழப்பும் பழைய தொடுமுனைகளுக்குப் பதிலாக இலத்திரனியற் பொறியமைப்பைப் பொருத்துவது மூன்றாவது. இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும்: அக்காலப் பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது; அதனை அறியாது புதிய கருவியைப் பொருத்தினால் கருவி உடனே கருகும். பிறேக் குழாய்களையும் இறப்பர்களையும் மாற்றுவது நான்காவது. வரிசையில் நான்காவதாயினும் செயலில் முதலாவதாக இருக்கவேண்டியது இதுவே. கடற்காற்று வீசும் நாயாறு போன்ற ஊர்களில், உப்பு எஞ்சினைத் தின்பதற்கு முன்னே பிறேக் குழாயையும் அடிச்சட்டத்தையும் தின்றுவிடும்.

இந்நான்கும் வேண்டும்போது பழைய நிலைக்கு மீட்கக்கூடியவை அல்லது வெளியே தெரியாதவை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஏற்ற தூரின் சாசனமும், மாற்றங்கள் இயன்றவரை மீட்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும், செய்த மாற்றங்கள் குறித்துவைக்கப்படுதல் வேண்டும் என்றே அறிவுறுத்துகிறது.

எவ்வழியாலும் மீட்கமுடியாதபடி எஞ்சின் உடைந்திருந்தால், அல்லது நாள்தோறும் உழைத்துக் குடும்பத்தைக் காக்கவேண்டிய காராக இருந்தால், மாற்றுவது குற்றமன்று. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025வரை தடை நீடித்தபோது, பழைய வாகனமே பலருக்குப் பிழைப்பாக இருந்தது. பிழைப்புக்குரிய வண்டியைக் காட்சிப்பொருளாகக் காக்கும்படி எவரையும் வற்புறுத்தலாகாது. ஆனால் மாற்றுவோர் மூன்று நெறிகளைக் கொள்ளல் நலம். புதிய எஞ்சினைத் தாங்க அடிச்சட்டத்தை வெட்டாமல், தனித் தாங்கிகளைப் பூட்டுக. எஞ்சினோடு பிறேக்கையும் கியரையும் உயர்த்துக. கழற்றிய எஞ்சினை எண்ணெய் தடவி, துளைகளை அடைத்து, ஈரமற்ற இடத்தில் பேணுக. அடுத்த தலைமுறைக்கு அதை மீண்டும் பூட்டும் உரிமையை எடுத்துவிடுதல் முறையன்று.

ஓர் எஞ்சின் இரும்பால் மட்டும் ஆனதன்று. அதைத் திறந்து மூடும் கைகளின் அறிவாலும் ஆனது. தடைக்காலத்தில் பாகம் இன்றியே பாகம் செய்தவர்கள், ஓசையைக் கேட்டே தேய்ந்த தாங்கி எதுவென்று கூறியவர்கள் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்கள் அறிந்தவற்றுள் மிகச் சிலவே எழுத்தில் உள்ளன. கணினியை இணைத்துப் பழுதறியும் கராஜ்களில் பயிலும் இளைஞர்க்கு, காபுரேற்றரைக் கழற்றிக் கழுவிப் பூட்டும் வாய்ப்பே அரிது. அந்த அறிவு பழங்கதையாகிவிட்டதென்று எண்ணவேண்டாம். 2022இல் நாடெங்கும் எரிபொருள் நிலையங்களின் முன் வாகனங்கள் நாட்கணக்கில் நின்றன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது, கடற்றொழிலாளரின் படகுகள் கரையேறி நின்றன. தட்டுப்பாடு என்பது போருடன் போய்விடும் விருந்தாளி அன்று.

ஆகவே பழைய கார் ஒன்றை வைத்திருப்போர் முதலிற் செய்யவேண்டியது எஞ்சினைக் கழற்றுவதன்று. அதனை அறிந்த முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்து, இளைஞர் ஒருவரை அருகே நிறுத்தி, எஞ்சினைத் திறந்து பார்ப்பதே. அது மீளத்தக்கதாயின் அம்முதியவர் கூறுவார். மீளாததாயின் அதையும் கூறுவார். இரண்டில் எது நேரினும், அருகே நின்ற இளைஞர் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டிருப்பார்.